சொல்லில்லா நாவலுக்கு எந்த அலமாரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் நான் உறுப்பினராக உள்ள நூலகம் ஒன்றின் பட்டியலில், பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மாசரீலின் 'பேஷனட் ஜர்னி' என்ற நாவலைக் கண்டு, உலக இலக்கியப் பிரிவில் அரை மணி நேரம் தேடியும் கிடைக்காமல், கடைசியில் அதைச் சிறுவர் பகுதியில், வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தேன். "படம் மட்டும்தானே சார் இருக்கு" என்றார் ஊழியர். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படம் என்றால் குழந்தைகளுக்கு என்று நம்மில் பலரும் முடிவு கட்டிவிட்டோம்.

1919-இல் வெளியான அந்த நூலில், மரப்பலகையில் செதுக்கி மையிட்டு அச்சிட்ட 167 மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. கதையைச் சொல்ல ஒரு வரி எழுத்துக்கூட இல்லை. ரயிலில் நகரத்துக்கு வந்திறங்கும் ஒருவனின் காதல், காமம், துக்கம், ஊர்சுற்றல் எல்லாம் அதில் உண்டு என்பதால், அது சிறுவர் கையில் கொடுக்கத்தக்க நூலும் அன்று. அதன் ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன். மாசரீலைப் பின்பற்றி அமெரிக்க ஓவியர் லிண்ட் வார்ட் 1929-இல் 139 படங்களில் 'காட்ஸ் மேன்' நாவலைச் செதுக்கினார். முகமூடி அணிந்த அந்நியனிடம் கையெழுத்திட்டு மாயத் தூரிகையைப் பெறும் ஓவியனின் கதை அது.

மரச்செதுக்குப் படம் நமக்குப் புதிதல்ல. புது மண்டபத்துக் கடைகளில் என் தாத்தா வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் அது இருந்தது. ஆனால் அங்கே எழுத்துக்குத் துணையாகத்தான் வந்தது. பொற்றாமரைக் குளத்துச் சுவர்களில் திருவிளையாடலைப் பார்க்கிறவருக்கும் கதை முன்பே தெரியும். மாசரீலிடமோ கதையை நம் கண்தான் கோத்துக்கொள்ள வேண்டும். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு என்று இரண்டே நிறங்களில் அத்தனையும் நடப்பதால் பக்கத்தை அவசரமாகப் புரட்ட முடிவதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் அந்நூலை இரண்டு பகல் பொழுதுகளில் படித்து முடித்தார். படித்தார் என்றே சொல்வேன். ரயில் படத்தில் விரலை வைத்து, "ஊருக்குப் புதுசு, முழிக்கிறான் பாரு" என்றார். நாயகன் எலும்புக்கூடாகி நட்சத்திரங்களுக்கிடையே நடக்கும் கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்று, "செத்தும் நடையை விடல இவன்" என்றார்.

ஆகவே, மதுரையிலுள்ள நூலகங்கள் இத்தகைய நூல்களை நாவல் வரிசையிலேயே அடுக்கி, 'சொல்லில்லா நாவல்' என்று ஒரு சீட்டும் ஒட்டி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் தாயாரின் பெயரில் உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கையெழுத்து இடவேண்டிய கட்டத்தில் அவர் கைநாட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநகர், மதுரை.