பழைய பல்லாவரம் படக்காட்சி: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

பல்லாவரத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நம் ஊரின் பழைய படங்களை மாட்டி வைத்திருந்தோம். கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியவில்லை, வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி. ஆறு மாதமாக யார் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம், யார் எதை எடுத்துக் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் எழுதிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வெளியூரில் யாராவது கேட்டால் "ஏர்போர்ட் பக்கத்துல" என்று சொல்லித்தான் பல்லாவரத்தைப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். 1863 மே 30ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே படைமுகாம் மைதானத்தை ஒட்டிச் சரளை தோண்டிய குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதம் அது. இந்தியாவில் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் இது தெரிய வந்தது. இதை எங்களுக்கு முதலில் சொன்னவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர். டீச்சர், முட்டிவலியோடு எங்களைக் கண்டோன்மென்ட் பக்கம் கூட்டிப்போய், செம்மண் சரளை எப்படி இருக்கும் என்று கையில் அள்ளிக் காட்டினீர்களே, அந்த அரை மணி நேரத்தில்தான் இந்த வேலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1888இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நம் குன்றுப் பகுதியில் கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழையை, அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைக்கும் மண் பெட்டியைப் பற்றிய பலகையும் நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான்.

அடுத்து தர்கா பாய். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் ஒன்று நம் மலையில் இருக்கிறது, இன்றைக்கு அது தர்கா. அந்தத் தூண்களில் மகேந்திரனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டியிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டு எழுத்து. நாங்கள் கேமராவோடு போய் நின்றபோது என்ன சொல்வாரோ என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. பாய், நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தொழுகைக்கு வந்தவர்கள் போகும்வரை எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அப்புறம் விளக்கைப் போட்டு, "எழுத்து இங்க இருக்கு, இந்தப் பக்கமும் இருக்கு" என்று ஒவ்வொரு தூணாகக் காட்டினீர்கள். உங்கள் அப்பா காலத்திலிருந்தே அந்த எழுத்தின் மேல் சுண்ணாம்போ பெயின்ட்டோ படாமல் பார்த்துக்கொண்டு வருகிறோம் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். பல்லவன் எழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது என்றால் அதில் உங்கள் குடும்பத்துக்கும் பங்கு உண்டு, பாய். அதைப் பலகையில் எழுதுகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

படக்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது ரயில் மூலையில்தான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் பட்டணத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் ஊராக மாறின. அதுவரை வயலும் ஏரியும் பட்டாள முகாமுமாக இருந்த இடம். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் எட்டு நாற்பது வண்டியில் மகளிர் பெட்டிக்குள்ளேயே பூ கட்டி, காய் நறுக்கி, ஒரு பெண்ணுக்கு வளைகாப்பே நடத்திய கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அந்தக் கதையைச் சொல்லி, முப்பத்திரண்டு வருஷத்து சீசன் டிக்கெட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்ததை அப்படியே எங்களிடம் தூக்கிக் கொடுத்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வளைகாப்புக்காரப் பெண்ணின் மகளே ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். நீங்கள் இரண்டு பேரும் அந்த மூலையில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

ரயில் ஓட்டிய ஐயாவுக்கும் நன்றி. மீட்டர் கேஜ் வண்டி 2004 ஜூலை 1ஆம் தேதியோடு நின்றபோது ஒரு வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை என்றீர்கள். பிள்ளைகள் உங்களைச் சுற்றி உட்கார்ந்து, பிரேக் எப்படிப் பிடிப்பீர்கள், மழையில் சிக்னல் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடக்கூடப் போகாமல் பதில் சொன்னீர்கள்.

தோல் பதனிடும் தொழிலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்து வரலாற்றைப் பேச முடியாது. பக்கத்து ஊருக்குக் குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. நாகல்கேணியில் நாற்பது வருஷம் தோல் ஷெட்டில் வேலை பார்த்த தாத்தா, முதல் இரண்டு தடவை எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை போனபோது அவரே பேசத் தொடங்கினார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற கால்களைக் காட்டினார். வேலை சோறு போட்டதையும் சொன்னார், அதே வேலையால் தெருக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதையும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுதாதீர்கள் என்றார். அப்படியே எழுதினோம், தாத்தா. ஊரைப் பற்றி நல்லதை மட்டும் போட்டால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். போதாது என்பதுதான் என் எண்ணம்.

மறைமலையடிகள் 1911இலிருந்து நம் ஊரில்தான் வாழ்ந்தார் என்பது பலருக்கும் தெரியும். வேதாசலம் மறைமலை ஆனதும், தனித்தமிழ் என்ற எண்ணம் 1916இல் வேர்விட்டதும் இங்கே இருந்தபோதுதான். அவர் சேர்த்த நூல்களைக் கொண்டுதான் பின்னால் சென்னையில் மறைமலையடிகள் நூலகம் அமைந்தது. அந்த மூலைக்கான செய்திகளைத் திரட்டித் தந்த தமிழ் ஐயா, எங்கள் பலகைகளில் இருந்த அத்தனை ஒற்றுப் பிழைகளையும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து திருத்தினார். ஐயா, நன்றி. இந்த மடலில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடை போடும் அண்ணன், எடைக்கு வந்த ஒரு கட்டு புகைப்படத்தை எங்களுக்காக மூன்று வாரம் எடுத்து வைத்திருந்தார். காசு கொடுக்கப் போனால் கையைத் தள்ளிவிட்டார். மண்டபத்தை வாடகை வாங்காமல் விட்டவர்களுக்கும், ஃபிரேம் போட்டுக் கொடுத்த கடைக்காரருக்கும், ஏணி ஏறிய தம்பிகளுக்கும், இரண்டு நாளும் கூடத்தைப் பெருக்கிக் கொடுத்த அக்காக்களுக்கும் நன்றி.

2015 டிசம்பரைப் பற்றித் தனியாக ஒரு சுவர் வைத்தோம். அதை வைக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, அடையாறு பொங்கி விமான நிலையம் வரை தண்ணீர். அந்த ராத்திரி பல்லாவரத்தைச் சுற்றி இருந்த தாழ்வான தெருக்களில் எத்தனை வீடுகளில் முட்டளவு, இடுப்பளவு என்று ஏறியது என்பது நமக்குத் தெரியும். பெரிய ஏரியின் நடுவில் சாலை போட்டு, மிச்சத்தில் குப்பையைக் கொட்டியதைப் பற்றியும் அந்தச் சுவரில் எழுதினோம், ஏனென்றால் மழையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்றைக்கு லாரி டியூப்பில் மிதந்துபோய்ப் பால் பாக்கெட் கொடுத்த பையன்களில் ஒருவர் இப்போது வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறார். அந்த டியூப்போடு எடுத்த படத்தை அங்கிருந்து அனுப்பி வைத்தார். என் அம்மாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போனது நீங்கள்தான், தம்பி. அப்போது உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பேத்தியிடம் அம்மா அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்.

2021இல் நம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பல்லாவரம் நகராட்சி என்று அச்சடித்த பழைய ரசீதுகள், வரி நோட்டீசுகள் இன்னும் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள், ஸ்கேன் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

கொடுத்த ஆல்பங்களைத் திருப்பித் தரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மண்டபத்திலேயே இருப்போம், வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். சந்தை அண்ணன் எடுத்து வைத்த கட்டில் ஒரு படம் மட்டும் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. பல்லாவரம் ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்குக் கீழே ஐந்து பெண்கள், நடுவில் இருப்பவர் கையில் டிபன் கேரியர், ஓரத்தில் நிற்பவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல் வண்டி வரும் திசையைப் பார்க்கிறார். பின்பக்கத்தில் நீல மையில் "நாங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. யாராவது அடையாளம் தெரிந்தால் வந்து சொல்லுங்கள். அந்தப் படம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.