அக்கா மகளுக்கு, கையெழுத்துப் போடுவதற்கு முன்

தாயி,

கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொள்ள மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஒப்பந்தத்தைப் படித்தேன். முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி சீல் வைத்தால் கோர்ட்டில் நிற்கும் என்று நம்புகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடே கிடையாது. கோவாவில் 1867ஆம் வருடப் போர்த்துக்கீசிய சிவில் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளலாம். மதுரைக்கு அது பொருந்தாது.

‘பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்’ என்கிற பத்தி 1872 ஒப்பந்தச் சட்டத்தில், பொதுக்கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிற 23ஆம் பிரிவிலேயே அடிபட்டுப் போகும். செல்லாத காகிதம்தானே என்று போட்டுக் கொடுத்துவிடாதே. வழக்கு வந்தால் ‘நீயே ஒத்துக்கொண்டாய்’ என்று அதை நீட்டி இழுத்தடிப்பார்கள். அந்தப் பத்தியை நீக்கினால்தான் கையெழுத்து என்று சொல்.

கடைசி இணைப்பை மட்டும் விடாதே: அவரவர் சொத்து, கடன் விவரம். இரண்டு பக்கமும் நிரப்புங்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடன், நகைக்கடனோடு, அண்ணன் தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் வர வேண்டும். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் தலையில்தான் விழும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையையும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதே.

அடுத்து நகை. நம்ம பக்கம் மொய் நோட்டில் ஊர், பேர், தொகை ஒன்று விடாமல் எழுதுவோம்; பெண்ணுக்குப் போடுகிற நகைக்கு ஒரு பக்கம் எழுத மாட்டோம். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள் அதைத்தான் கேட்கின்றன: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, அடியில் பெண் மாப்பிள்ளை இருவர் கையெழுத்து. உனக்கு வந்ததன் பட்டியல் உன்னிடமே இருக்க வேண்டும். ‘ஆரம், 5 பவுன்’ என்று எழுதினால் எந்த ஆரம் என்று பின்னால் சண்டை வரும். ‘கல் ஆரம், மொத்த எடை 43 கிராம், கல் நீக்கி 40 கிராம், 916, அப்பா போட்டது’ என்று எழுதி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணையும் சேர். கடை பில்லைக் கூடவே வை. ஆச்சி கொடுத்த பழைய நகையில் அந்த எண் இருக்காது; தராசில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்.

சீதனம், அதாவது உனக்கென்று வந்த நகையும் பொருளும், உன் தனிச்சொத்து. கணவர் கையில் இருந்தாலும் அவர் அதற்குக் காப்பாளர்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும், கொடுத்ததை நிரூபிக்க முடியாமல்தான் பெண்கள் தோற்கிறார்கள். லாக்கர் மாமியார் பேரில், அடகுச் சீட்டு புருஷன் பேரில், பில் எங்கேயோ. சீட்டு யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான் நகையைத் திருப்பித் தருவார்கள். அவர் தொழிலுக்கே வைத்தாலும் உன் பேரில் வை.

சேர்ந்து வீடு வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே பங்கைக் குறிக்கச் சொல். உன் பங்குத் தவணை உன் கணக்கிலிருந்து போகட்டும்.

இணைப்பை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே வாங்கிவிடு. பட்டியலை முன்கூட்டியே எழுதி வை. மண்டபத்துக் கூட்டத்தில் முடியாவிட்டால், மறுவீட்டுக்கு வரும்போது இருவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
மாமா