'தானாக' எதுவும் குறையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடு வளரும்போது முதலில் புகை கூடும், வசதி வந்ததும் தானாகக் குறைந்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில் படித்தேன். அந்தத் 'தானாக'தான் உறுத்துகிறது.

எனக்கு ஆத்தூர் பக்கம். ஊரை ஒட்டி ஒரு சேகோ ஃபேக்டரி, ஜவ்வரிசி செய்கிற இடம். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதைத் தாண்டுவோம், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) கழுவின தண்ணீரும் மாவு தெளிந்த தண்ணீரும் குட்டையில் நின்று புளித்து நாறும், பக்கத்துக் கிணற்றில் மாடுகூட வாய் வைக்காது. அந்தக் குட்டையிலிருந்து மீத்தேனும் போய்க்கொண்டிருந்தது, அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஜவ்வரிசிக்கு நல்ல விலை கிடைத்த வருஷங்களிலும் குட்டை அப்படியேதான் கிடந்தது. ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, மனு மேல் மனு கொடுத்த பிறகுதான் மேலே கறுப்பு ஷீட் போர்த்தினார்கள். இப்போது அது யானை முதுகு மாதிரி உப்பி நிற்கிறது, உள்ளே சேர்கிற அந்த மீத்தேன் கேஸில் ஜெனரேட்டர் ஓடுகிறது, கரன்ட் பில்லும் பாதியாகிவிட்டதாம். முன்னமே பண்ணியிருக்கலாம் என்று முதலாளியே சொல்கிறார்!

அப்புறம், 2005-ஐவிட 2020-ல் நம் நாட்டின் உமிழ்வுச் செறிவு 36 சதவீதம் குறைந்தது என்ற கணக்கு. சரிதான், ஆனால் அது ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு புகை என்பது மட்டும்தான். மூட்டைக்கு ஆகிற விறகைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மூட்டையை இரண்டு மடங்காக்கினால் எரிகிற விறகு மொத்தத்தில் கூடத்தானே செய்யும்? நாட்டின் மொத்தப் புகையும் அப்படித்தான் கூடியிருக்கிறது. 2025-ல் நம் மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா நிலையங்களும் முழு வேகத்தில் ஓடினால் கிடைக்கக்கூடிய கரன்டில், பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாதது என்றார்கள். சந்தோஷம். ஆனால் உற்பத்தியாகிற கரன்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது, மேட்டூர் அனல் மின் நிலையம் பக்கம் போனால் தெரியும்.

பிரிட்டன் 2024 செப்டம்பரில் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியதும் பணக்கார நாடு என்பதால் மட்டுமல்ல. கரிப் புகை விட்டால் காசு கட்ட வேண்டும் என்று அதற்கு விலை வைத்தார்கள், மூடுவதற்குக் கெடு வைத்தார்கள்.

வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அமெரிக்கர் ஒருவர் விடுகிற கரியமில வாயுவில் ஐந்தில் ஒரு பங்குகூட நம்மில் ஒருவர் விடுவதில்லை. ஆனால் அடுத்த ஊரில் இன்னொரு ஃபேக்டரி இருக்கிறது, வியாபாரம் ஜோராக நடக்கிறது, குட்டை இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஆத்தூர், சேலம் மாவட்டம்