சமையலறைக்கு நடுவே ஒரு மேடை

கோயம்புத்தூர்,
கார்த்திகை மாதம், ஞாயிறு காலை.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை போய்வருகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு எண்பது முடிந்துவிட்டது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி இன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறார். மருமகளுக்குப் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இவர் ரிட்டையர் ஆனபின் தோட்டமும் செய்தித்தாளுமாக இருக்கிறார்.

சமையலறையை இடித்துக் கட்டப்போகிறாயாமே, நடுவில் ஐலண்ட் என்று சுவரை ஒட்டாத தனி மேடை எல்லாம் வைக்கிறாயாமே, நம் சமையலுக்கு அது சரிப்பட்டு வருமா என்று கேட்டிருந்தாய். இந்த ஆறு மாதமாக என் தலைக்குள் ஓடுவதே அதுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு 1988இல் கட்டியது. அந்தக் காலத்து வீடுகளில் எல்லாம் போல, சமையலறை ஏழடி அகலத்தில் ஒரு ரயில் பெட்டி. கிழக்குச் சுவரை ஒட்டி மேடை, கீழே கடப்பாக்கல் தடுப்புகள். சமைப்பவள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றால் திரும்ப இடமில்லை. உதவி செய்ய வருகிறவர்களைக்கூட ‘அந்தப் பக்கம் போங்க’ என்று நாமே அனுப்பிவிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த அறையில் நான் தனியாக நின்றேன். எனக்கு முன்னால் அத்தை நின்றார். என் மருமகளும் அப்படி நிற்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையை ஆரம்பிக்க ஒரே காரணம். புதுக் கேபினெட்டும் பளபளப்பும் அப்புறம்தான்.

இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கு முன்னோடி, 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறை. ரயிலின் உணவுப் பெட்டியில் எவ்வளவு சின்ன இடத்தில் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்து, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். மாவு, அரிசிக்கெல்லாம் பெயர் எழுதிய தனித்தனி அறைகள். கை நீட்டினால் எல்லாம் எட்டும். அதுபோல் ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்களாம். பெண்களின் உழைப்பைக் குறைக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறையில் செய்தது அது, அந்த அம்மாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அறையில் ஒரே ஆள்தான் நிற்க முடியும். நடை மிச்சமாயிற்று, வேலையைப் பகிர்ந்துகொள்ள இடம் இல்லாமல் போயிற்று. நம் ஊரிலும் கடைசியில் வந்து சேர்ந்தது அதே அமைப்புதான்.

சரி, எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினோம். ஒன்பது அங்குலச் சுவர்கள் கூரையின் பாரத்தைத் தாங்குகின்றன, அவற்றில் கைவைக்கக் கூடாது. இது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர், மாடியிலும் இதற்கு நேர்மேலே சுவர் இல்லை, எடுக்கலாம் என்றார். உங்கள் பக்கம் யாராவது சுவரை இடிக்கப் போனால் இதைக் கட்டாயம் சொல். மேஸ்திரி பேச்சை மட்டும் நம்பி இறங்கக் கூடாத விஷயம்.

அந்தச் சுவர் நின்ற இடத்தின் மேல்தான் ஐலண்ட் வரப்போகிறது. பழைய மொசைக் தரையை உடைக்க எனக்கு மனசே வரவில்லை. சுவரை எடுத்தால் தரையில் நாலரை அங்குலத்துக்கு மொசைக் இல்லாத ஒரு பட்டை கிடைக்கும் அல்லவா? மின்கம்பிக் குழாயை அதன் வழியாகவே ஐலண்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். மேலே கறுப்புக் கிரானைட் பட்டை வைத்து மூடிவிடுவோம். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சாதாரண பிளக், இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்று. சிங்க் மட்டும் சுவரோரமே இருக்கும். தரைக்குள் கழிவுநீர்க் குழாய் போட்டு அடைப்பு எடுக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

அளவுதான் முக்கியம், வசந்தி. சுவர் மேடை இரண்டடி ஆழம், அதற்கும் ஐலண்டுக்கும் நடுவில் மூன்றரை அடி வழி. அதற்குக் குறைந்தால் ஒருவர் டிராயரைத் திறக்கும்போது இன்னொருவர் தாண்டிப்போக முடியாது. ஐலண்ட் ஆறடி நீளம், மூன்றடி அகலம். அகலத்தில் இரண்டடிக்குத்தான் கேபினெட், மிச்சம் ஓரடி கல் வெளியே நீண்டிருக்கும், உட்காருகிறவர்கள் காலை உள்ளே விட. அந்தக் கல்லுக்கு அடியில் இரும்புத் தாங்கி கட்டாயம் வேண்டும்.

மாடுலர் கிச்சன் கடையில் வரைந்து கொடுத்த படத்தில் அடுப்பை ஐலண்டின் மேல் வைத்திருந்தார்கள். சமைக்கிறவர் எல்லோரையும் பார்த்தபடி சமைக்கலாம், நல்ல எண்ணம்தான். ஆனால் நம் தாளிப்புக்கு அது ஒத்துவராது என்பது என் தீர்மானம். கடுகு வெடிக்கும் எண்ணெய் நாலு பக்கமும் தெறிக்கும். பின்னால் சுவர் இல்லாததால் புகை பரவும், சிம்னியும் பெரிதாக வேண்டும். கேஸ் விஷயம் அதைவிட முக்கியம். ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டரைக் கேபினெட்டுக்குள் வைத்தால் கதவின் அடிப்பாகத்தில் காற்றுத் துளைகள் வேண்டும், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் அடுப்பு பழையபடி தென்கிழக்கில், அக்னி மூலையிலேயே இருக்கட்டும் என்றேன். அத்தைக்கும் அதில் நிம்மதி.

அப்படியானால் சமைக்கிறவள் மறுபடியும் சுவரைத்தானே பார்க்கிறாள் என்று நீ கேட்பாய். நம் சமையலில் அடுப்பு முன்னால் நிற்கும் நேரம் குறைவு. சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, தேங்காய் துருவுவது, சப்பாத்தி தேய்ப்பது, மாவு ஆட்டுவது, இவைதான் மணிக்கணக்கில் ஆளைத் தின்கின்றன. அவ்வளவும் ஐலண்டுக்குப் போகிறது. கொங்கு நாட்டுச் சமையலில் சின்ன வெங்காயம் எவ்வளவு செலவாகும் என்று உனக்குத் தெரியும். அரைக் கிலோவை ஒருத்தி உட்கார்ந்து உரித்தால் கண்ணீர்தான். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே உரித்தால் ஒரு காபி குடிக்கிற நேரம். இவரும் என் பையனும் செய்ய மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை நாள் அவர்கள் உட்கார அங்கே ஒரு நாற்காலி போட இடமில்லை.

ஆகவே ஐலண்டை இரண்டு உயரத்தில் செய்யச் சொல்லியிருக்கிறேன். நின்று வேலை செய்யும் பாதி 33 அங்குலம். வெளிநாட்டு அளவு என்று 36 அங்குலம் வைக்கப் பார்த்தார்கள். என் உயரத்துக்குத் தோள்பட்டை தூக்கியே நிற்க வேண்டியிருக்கும். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை வருகிறதா என்று பார்த்தால் போதும். மறு பாதி 30 அங்குலம், சாதாரண சாப்பாட்டு மேசை உயரம். பார் ஸ்டூல் வேண்டவே வேண்டாம் என்றேன். அத்தையால் ஏற முடியாது, நீ வந்தாலும் உன் முட்டியோடு ஏற வேண்டாம். வீட்டில் இருக்கிற மர நாற்காலிகளையே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கிரைண்டருக்கு ஐலண்டின் உள்பக்கம், தரையிலிருந்து இருபது அங்குலத்தில் ஒரு திறந்த தட்டு. நம் ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் எந்த மாடுலர் கிச்சன் படத்திலும் அதற்கு ஓர் இடம் இருப்பதில்லை! கல்லைக் குனிந்து தூக்கி முதுகு போனவர்கள் நம்மில் எத்தனை பேர். அரிசிக்கு டிராயர் வேண்டாம், சக்கரம் வைத்த பெட்டி போதும். இப்போதெல்லாம் 26 கிலோ சிப்பம்தானே வருகிறது, அதை நாள்தோறும் இழுத்தால் டிராயர் ஓடுகிற எந்தச் சேனலும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கேபினெட் மரம் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலிவாகச் சொல்கிறவர்கள் மரநார், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு போடுவார்கள். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஐ.எஸ். 710 என்ற தர முத்திரை உள்ள, கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் கேட்டு வாங்க வேண்டும், முத்திரையைப் பலகையில் கண்ணால் பார்க்க வேண்டும். சுவரோர மேடைக்குக் கீழே எங்கள் கடப்பாக்கல் தடுப்புகளை அப்படியே விட்டுவிட்டுக் கதவும் டிராயரும் மட்டும் பொருத்தப்போகிறோம். கரையான் கடப்பாக்கல்லை ஒன்றும் செய்யாது, செலவும் பெரிதாகக் குறைகிறது. கடைக்காரர் முகம் சுருங்கியது. எங்கள் ஆசாரிக்கோ ரொம்ப சந்தோஷம், ‘இந்தக் கல்லு இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்குங்கம்மா’ என்றார். ஐலண்ட் மட்டும் முழுக்கப் புதுப் பெட்டி; நாலு அங்குலக் கால் வைத்து நிற்கும். நாம் வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுகிறவர்கள், மரம் தரையைத் தொடவே கூடாது.

மேலே போடும் கல்லுக்குக் குவார்ட்ஸ் வேண்டும் என்று மருமகள் ஆசைப்பட்டாள், வெள்ளை நிறம் அவளுக்குப் பிடிக்கும். அது பொடித்த குவார்ட்ஸைப் பிசினோடு சேர்த்துச் செய்வது. சூடான குக்கரை நேராக வைத்தால் பிசின் கருகும். அதைவிட ஒன்று எங்கள் இருவரையும் யோசிக்க வைத்தது. அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்துவிடுகிறது என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. படித்ததும் அவளே வேண்டாம் என்றாள். கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அதைவிட மிகக் குறைவு. அதையும் தண்ணீர் விட்டு ஈரமாகவே அறுக்க வேண்டும், வேலை செய்பவர்கள் முகமூடி போட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிட்டோம். மங்கலான சாம்பல் நிறத்தில் எடுக்கிறோம். சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு குழாய், போர்வெல் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று பழகியவர்கள் நாங்கள். உப்புக் கறை கறுப்புக் கல்லில்தான் பளிச்சென்று தெரியும்.

மார்கழி முடிந்து தை பிறந்ததும் வேலை ஆரம்பம். அதுவரை சாமான்களை ஒழிக்கிற வேலை இருக்கிறது. அத்தையின் பித்தளை அண்டாக்களை என்ன செய்வதென்று இன்னும் பேசி முடியவில்லை.

உன் ஃபிளாட் சமையலறை எட்டுக்குப் பத்து என்று நினைவு. அதில் ஐலண்ட் போடாதே, வழி அடைந்துவிடும். அதற்குப் பதில் இரண்டடிக்கு மூன்றடியில், பூட்டுகிற சக்கரம் வைத்த ஒரு மேசை செய்துகொள். வேலை முடிந்ததும் பால்கனி ஓரமாகத் தள்ளிவிடலாம். உட்கார்ந்தே காய் நறுக்குகிற உயரத்தில் இருக்கட்டும், டாக்டர் எப்படியும் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்றுதான் சொல்லியிருப்பார். அறையின் சரியான அளவையும் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் எழுதி அனுப்பு, எங்கள் ஆசாரியிடமே ஒரு படம் போட்டு வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
கௌசல்யா