கையெழுத்துக்கு முன் மறுவிற்பனை விலையையும் காட்டுங்கள்: டைம்ஷேர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டைம்ஷேர் விற்கும் ரிசார்ட் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அவர்களுடைய சங்கங்களில் நடத்தை விதிகளை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ரிசார்ட் வீட்டில் வருடா வருடம் தங்கும் உரிமையை, ஒரு வாரமாகவோ தங்கும் நாட்களாக மாற்றிக்கொள்ளும் பாயின்ட்டாகவோ விற்பதுதான் உங்கள் டைம்ஷேர் தொழில். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். விற்பனை மேசையில் ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதே ரிசார்ட்டின் அதே வாரம் அல்லது அதே அளவு பாயின்ட் மறுவிற்பனையில், அதாவது ஏற்கெனவே வாங்கிய உரிமையாளர் விற்கும்போது, இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மறுவிற்பனையில் வாங்கினால் அவருக்கு எவையெல்லாம் கிடைக்காது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு உங்களிடமே வாங்குகிறேன் என்றால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள்.

நான் டைம்ஷேரை வெறுக்கும் ஆள் இல்லை. மறுவிற்பனையில் வாங்கிய பங்கு ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. பெரியவர்களும் குழந்தைகளுமாகக் கிளம்பும்போது, சமையலறையும் தனித்தனிப் படுக்கையறைகளும் உள்ள ஒரு வீட்டில் தங்குவது ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட எவ்வளவோ மேல். அது தெரிந்துதான் நண்பர்களும் உறவினர்களும் தங்கள் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ரத்து செய்ய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

அவர்களில் பலருக்கு மறுவிற்பனை என்று ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும், "அதெல்லாம் ஏமாற்று வேலை, கிட்டே போகாதீர்கள்" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது.

நேரடி விலைக்கும் மறுவிற்பனை விலைக்கும் நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரவழைக்கக் கொடுத்த இலவசத் தங்கல், பரிசுக் கூப்பன், விற்பனையாளரின் கமிஷன், விளம்பரம், வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு ஆன செலவு என எல்லாம் சேர்ந்துதான் அந்த முதல் விலை. பங்குச் சந்தையில் உள்ள டைம்ஷேர் நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், விற்பனைக்கும் சந்தைப்படுத்தலுக்கும் ஆகும் செலவு மிகப் பெரிய செலவினங்களில் ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பணம் கட்டடத்துக்குள் போகவில்லை. அதனால் இரண்டாவதாக வாங்குகிறவர் அதற்குக் காசு தரப்போவதும் இல்லை. முதல் உரிமையாளர் விற்கப் போகும் அன்று அந்தச் செலவுகளுக்காக அவர் கொடுத்த பணம் போனது போனதுதான். பழைய ரிசார்ட்டுகளில், ஆள் வராத பருவத்து வாரங்களை ஒரு டாலருக்கு விளம்பரம் செய்கிறார்கள். அதற்கும் எடுக்க ஆள் இல்லாமல் கிடப்பவை உண்டு. எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன். போட்டி போட்டு முன்பதிவு ஆகும் ரிசார்ட்டுகள் மறுவிற்பனையிலும் நல்ல விலை போகின்றன. அதனால்தான் பொத்தாம் பொதுவாக ஓர் எச்சரிக்கை வாசகம் போதாது, அந்தந்த ரிசார்ட்டின் விலையே தாளில் வேண்டும் என்கிறேன்.

அந்த விலை எங்களுக்குத் தெரியாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். உறுப்பினர் தன் பங்கை வேறொருவருக்கு விற்றால் அதே விலைக்கு முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்று உங்களில் பலர் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஒவ்வொரு மறுவிற்பனையும் விலையோடு எழுத்தில் வந்து சேர்கிறது. விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறீர்கள். எடுத்துக்கொண்டதை மறுபடி உங்கள் நேரடி விலைக்கே விற்கிறீர்கள். சந்தை விலையை உங்களைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. மேசையின் அந்தப் பக்கம் அது தெரியும், இந்தப் பக்கம் தெரியாது. நான் கேட்கும் தாள் இந்த ஒரு வித்தியாசத்தைப் போக்கத்தான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரடியாக வாங்குவது சிலருக்குச் சரியான முடிவாகவே இருக்கும். டிஸ்னி நிறுவனத்தின் டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் 14 ரிசார்ட்டுகளில் ஒன்றின் பாயின்ட்டை 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கியவர்கள், அந்தப் பாயின்ட்டை வைத்து ரிவியரா போன்ற புதிய ரிசார்ட்டுகளில் தங்க முடியாது. ரிவியராவின் பாயின்ட்டையே மறுவிற்பனையில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான் தங்கலாம். புதுப்புது இடமாக மாறி மாறிப் போக ஆசைப்படுகிற குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. எங்களுக்கு இந்த ஒரு ரிசார்ட் போதும், வருடா வருடம் இங்கேதான் வரப்போகிறோம் என்பவருக்கோ இது ஒரு இழப்பே இல்லை. வேறு சில நிறுவனங்களில் உறுப்பினர் தகுதிநிலை, ஹோட்டல் பாயின்ட்டாக மாற்றும் வசதி, தன் வாரத்தைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் தங்கும் பரிமாற்ற வசதி போன்றவை நேரடியாக வாங்கியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த வசதிகளை எத்தனை முறை உண்மையில் பயன்படுத்துவோம், அதற்காக இவ்வளவு அதிகம் கொடுக்கலாமா என்று கணக்குப் போடும் வேலை வாங்குகிறவருடையது. கணக்குப் போட அவருக்கு இரண்டு எண்கள் வேண்டும். நீங்கள் ஒன்றைத்தான் கொடுக்கிறீர்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் மாறாதது ஒன்று உண்டு, வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம். முழு விலை கொடுத்தவரும் ஒரு டாலருக்கு வாங்கியவரும் அதே வகை வீட்டுக்கு, அதே அளவு பங்குக்கு ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். கூரை மாற்ற வேண்டும், புயல் சேதத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று வரும் சிறப்பு வசூலும் அப்படியே. மறுவிற்பனையில் மலிவாகக் கிடைக்கிறது என்று துள்ளுகிறவர்களிடமும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: விலையைப் பார்க்காதீர்கள், கடந்த சில வருடங்களில் பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். வாங்கும் விலை ஒரு தடவை. அந்தக் கட்டணம் ஒப்பந்தம் முடியும் வரை. அந்த ஏற்றத்தின் வரலாறும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதே தாளில் அதற்கும் இடம் இருக்கும்.

இனி மேசைக்கு வருகிறேன். பென்சிலோ பேனாவோ பிடித்து விற்பனையாளர் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போடுவார். இப்போது ஹோட்டலுக்கு வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்கிறீர்கள், முப்பது வருடத்துக்குப் பெருக்கினால் இவ்வளவு, எங்கள் விலை அதில் எவ்வளவு சின்னது பாருங்கள் என்பார். தயங்கினால் மேலாளர் வருவார், அந்த விலையை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொன்றை எழுதுவார், இன்று மட்டும்தான் என்பார். நம் ஊர் ஆள், நம் குடும்பத்தைப் பற்றியெல்லாம் விசாரித்தவர் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். கடைசியில், அந்த வெள்ளைத்தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டால் தர மாட்டார்கள். கையில் கிடைப்பது அச்சடித்த ஒப்பந்தம் மட்டும். வாய்மொழியாகச் சொன்ன எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வரி அதில் எங்கோ நடுவில் இருக்கும், அதன் பக்கத்தில் வாங்கியவரின் சுருக்கொப்பமும் இருக்கும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அந்த வரியை விரல் வைத்துக் காட்டும்போது அவர்கள் முகம் போகிற போக்கை நீங்கள் ஒரு நாளாவது பார்க்க வேண்டும்.

இதோடு கடனும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் டெவலப்பர், அதாவது டைம்ஷேரை விற்கும் நிறுவனமே, தரும் கடனுக்கு ஆண்டு வட்டி 14, 15 சதவீதம் என்பது சாதாரணம். மறுவிற்பனையில் வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் உள்ள பணத்தில் வாங்குவார், முடியாவிட்டால் விட்டுவிடுவார். மேசையில் உட்கார்ந்தவரோ மாதத் தவணையை மட்டும் பார்க்கிறார். மொத்தம் எவ்வளவு என்று யாரும் கூட்டிச் சொல்வதில்லை.

நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு டைம்ஷேர் நெறிமுறை, வாங்கியவருக்கு 14 நாள் விலகும் உரிமை தருகிறது. அந்த நாட்கள் முடியும் முன் அவரிடம் பணம் எதுவும் வாங்கக் கூடாது. டைம்ஷேரை முதலீடு என்று சொல்லி விற்கவே கூடாது. அழைப்பிதழிலேயே இது விற்பனைக் கூட்டம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இத்தனையும் விதியாக வந்த பிறகும் அங்கே டைம்ஷேர் விற்பனை நின்றுபோகவில்லை. ஃபுளோரிடா சட்டத்தில் ரத்து செய்ய 10 நாள் உண்டு. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஒப்பந்தங்களுக்கு 50 ஆண்டு உச்சவரம்பு வைத்தது. அதை மீறிக் காலவரையின்றி எழுதிய ஒப்பந்தங்கள் செல்லாது என்று 2015இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்த விதிகள் எவற்றிலும், பக்கத்துச் சந்தையில் இதன் விலை இவ்வளவு என்று சொல்லும் கடமை இல்லை. ரத்து செய்யும் நாட்கள் எதற்கு? யோசித்துப் பார்க்கத்தானே? ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இல்லாதவர் அந்தப் பத்து நாளில் எதை யோசிப்பார்?

மறுவிற்பனைச் சந்தையில் ஏமாற்று வேலை நிறைய என்று உங்கள் விற்பனையாளர்கள் சொல்வது உண்மைதான். மெக்சிகோ டைம்ஷேர் மோசடிகளில் 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்க அரசு 2024இல் வெளியிட்ட எச்சரிக்கை சொல்கிறது. உங்கள் பங்கை வாங்க ஆள் தயார், வரியும் கட்டணமும் மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்பதுதான் அந்த ஆட்களின் வழக்கமான பேச்சு. ஆனால் அவர்கள் கையில் சிக்குகிறவர்கள் யார் என்று பாருங்கள். உங்களிடம் முழு விலை கொடுத்து வாங்கி, விற்க முடியாமல் தவித்து, தன் பங்கின் உண்மையான விலை என்ன என்றே தெரியாமல் இருக்கும் பழைய உறுப்பினர்கள்தான். வாங்கிய விலையைவிட அதிகம் தருகிறேன் என்று ஒருவன் போனில் சொன்னால் அவர்கள் நம்புகிறார்கள். உண்மையான விலையை நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் போனை எடுத்தவுடன் வைத்திருப்பார்கள்.

மறுவிற்பனையில் ஒழுங்காக வாங்க வழி இருக்கிறது என்பதையும் உங்கள் ஆட்கள் அறிவார்கள். விற்பவரின் பெயரில் பத்திரம் இருக்கிறதா, பாக்கி ஏதாவது உண்டா, இந்த வருடப் பாயின்ட்டை அவர் ஏற்கெனவே செலவழித்துவிட்டாரா என்பதற்கு ரிசார்ட்டே எழுத்தில் பதில் தரும். பணம் மூன்றாம் தரப்புக் கணக்கில் இருக்கும், பத்திரம் மாறிய பிறகே விற்றவருக்குப் போகும். கொஞ்சம் பொறுமை வேண்டும். உங்கள் முதல் உரிமையைப் பயன்படுத்தப் போகிறீர்களா இல்லையா என்ற பதிலுக்கே சில வாரம் காத்திருக்க நேரும். அந்தப் பதில் கடிதத்தைச் சீக்கிரம் அனுப்புவதும், பெயர் மாற்றக் கட்டணத்தை நியாயமாக வைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. சில நிறுவனங்கள் இரண்டையுமே ஒரு தடுப்புச்சுவர் மாதிரி வைத்திருக்கின்றன. இதை மாற்றச் சட்டம் தேவையில்லை, மனம் வைத்தால் போதும்.

அப்புறம், வெளியே போகும் வழி. கடன் இல்லாத, பாக்கி இல்லாத பழைய உறுப்பினர்களிடமிருந்து பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டங்களை உங்களில் சிலர் தொடங்கியிருக்கிறீர்கள். நல்ல காரியம், மனமாரச் சொல்கிறேன். வயதாகி, பயணம் போக உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்கு, கட்டணச் சுமை பிள்ளைகள் தலையில் விழுந்துவிடுமோ என்று தூக்கமில்லாமல் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தத் திட்டம் இருப்பதே பல உறுப்பினர்களுக்குத் தெரியவில்லை. வருடா வருடம் கட்டண பில் அனுப்புகிறீர்களே, அதன் அடியில் இரண்டு வரி அச்சிட்டால் என்ன?

இப்படித் தாள் கொடுத்தால் விற்பனை குறையும் என்பது உங்கள் பயம். குறையலாம், மறுக்கவில்லை. அப்படிக் குறையும் விற்பனை, விவரம் தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள் என்ற வகை விற்பனை. அவர்கள்தான் பின்னால் கட்டணத்தை நிறுத்துகிறவர்கள், வழக்கறிஞரைத் தேடுகிறவர்கள், உங்கள் பெயரைக் கெடுக்கிறவர்கள். அவர்கள் கட்டாமல் விட்ட பாக்கி மற்ற உறுப்பினர்களின் கட்டணத்தில் ஏறுகிறது. எங்கள் கட்டணத்தில் ஏறுகிறது. ஆகவே இது வாங்கப்போகிறவர்களுக்காக மட்டும் கேட்பது இல்லை.

அமெரிக்காவில் ஆர்டா (அமெரிக்க ரிசார்ட் மேம்பாட்டுச் சங்கம்) போன்ற சங்கங்கள் தங்கள் உறுப்பு நிறுவனங்களுக்கு நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன. அடுத்த முறை அவற்றைத் திருத்த உட்காரும்போது இந்த ஒரு பக்கத் தாளைக் கட்டாயமாக்குங்கள். கடந்த 12 மாதத்தில் அந்த ரிசார்ட்டில் நடந்த மறுவிற்பனை விலைகள், மறுவிற்பனையில் வாங்கியவருக்குக் கிடைக்காத வசதிகள், கடந்த 10 வருடப் பராமரிப்புக் கட்டணம், திரும்பக் கொடுக்க வழி உண்டா இல்லையா என்பவை அதில் இருக்கட்டும். வாங்குகிறவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முந்தைய நாளே கொடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போக விடுங்கள். சங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஏதாவது ஒரு நிறுவனம் தானாகவே இதைத் தொடங்கினால், என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் அடுத்த ஆளை முதலில் அங்கேதான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
மறுவிற்பனையில் வாங்கிய, பாக்கியில்லாமல் கட்டணம் கட்டிவரும் ஓர் உறுப்பினர்