முதல் ஊசிக்கு ஒரு மணி நேரம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அலுவலர்களுக்கும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மருத்துவர்கள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த அறிவு இரவு பதினோரு மணிக்குக் கேஷுவல்டி மேசைவரை வந்து சேரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கீமோவில் இருக்கும் பிள்ளை காய்ச்சலோடு எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்தாலும், உள்ளே வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறிவிட வேண்டும். பெட், ரெஃபர் கடிதம், எந்த வார்டு என்ற கேள்வி எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது நடப்பது இது. பிள்ளைக்கு 15 வயது. குழந்தைகள் வார்டில் 12 வயதுக்கு மேல் எடுப்பதில்லை என்கிறார்கள். பெரியவர்கள் வார்டில், "இது கேன்சர் கேஸ், வைத்தியம் பார்க்கிற இடத்துக்கே கொண்டுபோங்க" என்கிறார்கள். வைத்தியம் பார்க்கிற இடம் சென்னையில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே, காய்ச்சல் குறையட்டும் என்று இடுப்பில் ஒரு ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த இடுப்பு ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கீமோவில் கிருமியோடு போராடும் வெள்ளணு மட்டும் குறைவதில்லை, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் விழுகிறது. பிளேட்லெட் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கிடக்கும் பிள்ளைக்குத் தசையில் ஊசி குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். கட்டிய ரத்தத்தில் கிருமி சேரும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மருந்துகள் இருக்கிற பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது. பாராசிட்டமால் தரும் கேடு வேறு மாதிரி. அது கிருமியைத் தொடுவதில்லை, வெப்பத்தை மட்டும் இறக்கும். நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பின் அடுத்த மருத்துவமனையில் தெர்மாமீட்டர் 98.6 காட்டும். "இப்போது காய்ச்சல் இல்லையே" என்று அங்கேயும் உட்கார வைப்பார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் பெருகியிருக்கும்.

கிருமியைக் கொல்லும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போன உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, நெஞ்சுப் படத்தில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். டாக்சோரூபிசின், மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்துகள் வாயையும் குடலையும் புண்ணாக்கி வைத்திருக்கும். அந்தப் புண் வழியே ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் ரத்தத்துக்குள் இறங்கும். காய்ச்சல் ஒன்றுதான் அதற்கு அறிகுறி, பல நேரங்களில் வேறு அறிகுறியே இருக்காது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் அதுவும் வராமல் போகலாம். உடம்பு சில்லிடும், வயிறு வலிக்கும், பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வளர்ந்த பிள்ளைகளின் ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழும். அது விழுந்த பிறகு ஐ.சி.யூ. தேடுவதில் பயனில்லாமல் போகலாம்.

பெற்றோர்கள் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலோ, 101 ஒரு முறை காட்டினாலோ புறப்பட வேண்டும் என்பது மனப்பாடம். அக்குளில்தான் வைக்க வேண்டும், ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ கூடாது என்பதும் தெரியும். மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுப்பதில்லை. சிகிச்சை ஃபைல், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் கதவோரம் இருக்கும். மொத்த வெள்ளணு 1,200, அதில் நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் நியூட்ரோஃபில் கவுன்ட் 240 என்று பத்தாம் வகுப்பு தாண்டாத அம்மாக்கள் மனக்கணக்காகச் சொல்வார்கள். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்க்கத்தான் கேஷுவல்டியில் ஆள் இல்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாடு உண்டு. ஐந்து வயதுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டாலே தெரிந்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை தொடவே விடாது. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி, நரம்பில் செருகும் வென்ஃப்ளான், ஒரு வாரம் பெட் என்று அதற்குத் தெரியும். முன்மாதிரித் தேர்வு நடக்கும் வாரமாக இருக்கும், அல்லது ஒரு மாதத்துக்குப் பின் நண்பர்கள் வீட்டுக்கு வரும் நாளாக இருக்கும். குளிர் நடுக்கத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொள்ளும். கோபப்படாமல், மிரட்டாமல், "உன் கவுன்ட் எனக்குத் தெரியும், நீயே அளந்து சொல்" என்று தெர்மாமீட்டரை அதன் கையிலேயே கொடுத்துச் சம்மதிக்க வைப்பது பெற்றோரின் வேலை. அப்படிப் பேசி நள்ளிரவில் கூட்டிவந்த பிள்ளையை, ஓ.பி. சீட்டு வாங்கவில்லை என்றும் வயது கூடிவிட்டது என்றும் நீங்கள் திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அது வாய் திறக்காது. ஒரு இரவில் நடக்கும் இந்தச் சேதத்தைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும்.

நாங்கள் முடியாத ஒன்றைக் கேட்கவில்லை. கேஷுவல்டிக்குள் வந்ததும் ஒரு வென்ஃப்ளான். கீமோவுக்காக ஏற்கெனவே பொருத்திய பிக் லைனோ போர்ட்டோ இருந்து, அதைத் திறக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், கையில் நரம்பு தேடினால் போதும். ரத்த எண்ணிக்கைக்கு ஒரு குழாய், கிருமியைக் கண்டறியும் கல்ச்சருக்கு ஒரு பாட்டில். கல்ச்சர் பாட்டில் கையிருப்பில் இல்லையென்றால் அதற்காக ஊசியை நிறுத்தி வைக்க வேண்டாம். பிறகு ஆன்டிபயாடிக்கான பைப்பரசிலின்-டாசோபாக்டமோ செஃபிபைமோ, எடைக்கு ஏற்ற முதல் டோஸ். பிள்ளை சில்லிட்டிருந்தால் கூடவே சலைன். எண்ணிக்கை முடிவு வரும்வரைகூடப் பொறுக்கக் கூடாது. இது முடிந்ததும் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. 108இல் ஏற்றி அனுப்புவதா, அங்கேயே வைத்துக்கொள்வதா என்று அவர்கள் சொல்வார்கள். மருந்து புதிதல்ல, ஐ.சி.யூ.வில் அன்றாடம் புழங்குவதுதான். அதில் நான்கு வயல் கேஷுவல்டி அலமாரிக்கு வர வேண்டும், அவ்வளவே.

முதல் மணி நேரத்தின் மதிப்பு இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் கொடுத்துவிட்டுப் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டத்தை 2023இல் கொண்டுவந்தீர்கள். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை 2021 முதல் அரசே ஏற்கிறது. இரண்டையும் மனதார வரவேற்கிறோம். முதலில் மருந்து, பிறகு இடமாற்றம் என்ற அதே ஒழுங்கைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு கீமோவின் செலவைத் தாங்குகிறது. அவ்வளவு செலவழித்து நோய் அடங்கிய பிறகு, ஊசி தாமதமானதால் தொற்றில் ஒரு பிள்ளை போனால் அதற்கு யார் பதில் சொல்வது?

சொல்ல வேறும் இருக்கிறது. 15 வயது மகனை ஆண்கள் வார்டில் போடுகிறீர்கள், இரவில் அம்மா உடன் இருக்கக் கூடாது என்கிறீர்கள். வாந்தியில் எத்தனை மாத்திரை போனது, எந்த மருந்து ஒவ்வாது என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். அப்பா உடன் இருந்தால் அவர் கூலி அன்றோடு நிற்கும். காய்ச்சல் என்ற ஒரே காரணத்துக்காக டெங்குவும் ஃப்ளூவும் நிறைந்த காய்ச்சல் வார்டில் பக்கத்துக் கட்டிலைத் தருகிறீர்கள். கவுன்ட் இல்லாத பிள்ளைக்கு அதைவிட ஆபத்தான இடம் மருத்துவமனையில் இல்லை. மூலையில் ஒரு தனி அறை, கதவில் ஒரு கைகழுவும் மருந்து போதும். இதைக் கேட்டால் "உங்களுக்கு மட்டும் தனியா?" என்று பதில் வருகிறது. ஆம், தனியாகத்தான் வேண்டும். ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை.

இவற்றைத் தனியே எழுதுகிறோம். இப்போதைக்கு அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தாருங்கள்.

சிகிச்சை மையங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காய்ச்சல் அட்டை தரட்டும். நோயின் பெயர், எடை, ஒவ்வாத மருந்து, முதல் டோஸ், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், "தசையில் ஊசி கூடாது" என்ற ஒரு வரி, இவ்வளவும் அதில் இருக்கட்டும். அந்த அட்டையைக் காட்டினால் 18 வயதுவரை வயது கேட்காமல் முதல் ஊசியைப் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஊசி ஏறிய நேரத்தை கேஷுவல்டிப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் தாமதம் உங்கள் கண்ணுக்கும் படும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும், கேஷுவல்டிகள் காய்ச்சல்காரர்களால் நிரம்பும். அதற்கு முன் சுற்றறிக்கை வந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர்கள்