பதினொன்றரை மணிக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

திருகோணமலை மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர்கள், திணைக்களத் தலைவர்கள், உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். வேலைக்குப் போகும் பெற்றோரின் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்க்க ஒரு பராமரிப்பு நிலையம் கேட்டு இதை எழுதுகிறோம்.

மாகாண அலுவலகங்கள், பொது வைத்தியசாலை, துறைமுகம், சீனக்குடா ஆலைகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் என்று இந்த ஊரை நடத்தும் வேலைத்தலங்களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் இடமாற்றத்தில் வந்தவர்கள் நிறையப் பேர். உவர்மலையிலோ வரோதயநகரிலோ வாடகைக்கு இருப்பார்கள். பிள்ளை பிறந்ததும் அம்மம்மா வந்து நிற்பா. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புவா. அவவுக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது. அதன்பிறகு அந்த வீட்டில் பெரியவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் வேலை.

அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் லீவு. அது முடியும்போது பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் காலமோ ஆறு மாதம். அடுத்த 84 நாளை அரைச் சம்பளத்தில் எடுக்கலாம் என்கிறது அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவை. வீட்டு வாடகை கட்டுகிறவர்களில் பலரால் அது முடிவதில்லை. தகப்பனுக்கு மூன்று நாள் லீவு. பால்மா பெட்டி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு மாத இடைவெளியில்தான்.

பிள்ளை மூன்று வயதாகி முன்பள்ளிக்குப் போகத் தொடங்கினாலும் கதை மாறுவதில்லை. எட்டு, எட்டரைக்குத் திறக்கும் முன்பள்ளி பதினொன்றரைக்கெல்லாம் விட்டுவிடும். அலுவலகம் முடிய 4.15. மூதூருக்கோ கிண்ணியாவுக்கோ படிப்பிக்கப் போகும் ஆசிரியை ஆறரைக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும், பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குத் திறந்து மூன்று மணிக்குப் பூட்டும் பராமரிப்பு நிலையத்தை எவ்வளவு அழகாகக் கட்டித் திறந்து வைத்தாலும் அது இவர்களுக்கு உதவாது. அதனால் எங்கள் முதல் கோரிக்கை புதுக் கட்டடம் அல்ல. உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ள முன்பள்ளிக் கட்டடங்கள் மத்தியானத்துக்குப் பிறகு வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றில் அலுவலகங்களுக்குக் கிட்ட உள்ள ஒன்றைத் தெரிந்தெடுத்து, காலை 6.15 முதல் மாலை 5.15 வரை திறந்து வையுங்கள்.

இடம் மட்டும் இருந்தால் போதாது. கைக்குழந்தைகள் மூன்று பேருக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர் என்று ஆள் வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எந்நேரமும் இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினால் மற்றப் பிள்ளைகளோடு யாராவது நிற்க வேண்டுமே. வளவுக்குள் கிணறு இருந்தால் கட்டு மட்டும் காணாது, இரும்பு வலை மூடி போட வேண்டும். குளியலறை வாளிகளைப் பாவித்தவுடன் கவிழ்த்து வைக்க வேண்டும்; ஒரு வயதுப் பிள்ளை தலைகீழாக விழ அரை வாளித் தண்ணீரே போதும். மண்ணெண்ணெயும் குளோரினும் சோடாப் போத்தல்களில் இருக்கவே கூடாது.

சாப்பாட்டில்தான் அதிகம் பிழைக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெப்பம் 34 பாகையைத் தாண்டுகிறது. காலை ஐந்தரைக்குத் தேங்காய்ப்பால் விட்டு மசித்துக் கட்டிக்கொடுத்த சோறு, மத்தியானம் பன்னிரண்டுக்குப் பிள்ளையின் வாய்க்குப் போகும்போது பழுதாகியிருக்கும். வயிற்றோட்டம் வந்தால் தாயின் சமையலையே குறை சொல்கிறோம். அங்கேயே சமைக்க ஒரு அடுப்பும், வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இருந்தால் இந்த வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வராது. வந்தாலும், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றைப் பாதியாகப் பிரித்து ஒரு தம்ளரில் கண்மட்டத்துக்குக் கரைப்பது ஆபத்து. முழுப் பக்கற், கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கறந்த தாய்ப்பாலுக்கும் இதே வெப்பம்தான் எதிரி. வெளியே நான்கு மணித்தியாலம் வைக்கலாம் என்பது 25 பாகைக்குள் இருக்கும் அறைக்கான கணக்கு. நமது அலுவலக மேசைக்கு அது பொருந்தாது. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும், ஐஸ் கட்டியோடு குளிர்ப்பையில் ஒரு நாள். ஒவ்வொரு பாத்திரத்திலும் பிள்ளையின் பெயர், திகதி, நேரம் எழுத வேண்டும். அடுப்பில் சூடாக்காமல் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துக் குளிர் எடுத்து, சிறிய கப்பால் பருக்கலாம். போத்தல் சூப்பியின் இடுக்கில் பால் தங்கிப் புளிக்கும், கப் கழுவ லேசு. குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் ஊற்றிவிட வேண்டும்.

இதற்குத் திணைக்களத் தலைவர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. உள்ளே பூட்டக்கூடிய கதவு, ஒரு கதிரை, ஒரு பிளக், கை கழுவும் தொட்டி, சிறிய குளிர்சாதனப் பெட்டி உள்ள ஓர் அறை. கழிவறையை அதற்குக் காட்டாதீர்கள். தனியார் ஆலை முகாமையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: மகப்பேற்று நலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு, வேலைத்தலத்தில் பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது தயவு அல்ல, சட்டம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாள்தான் உறவினர் அருகில் இல்லாத வீடு முழுதாகத் தடுமாறும் நாள். நிலையங்களின் விண்ணப்பப் படிவத்தில் ‘அருகிலுள்ள உறவினர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இவர்களுக்கு அப்படி எழுத ஊரில் ஒருவரும் இல்லை. அந்தக் கட்டத்தை மாற்றி, பெற்றோர் கையெழுத்திட்டு ஒப்படைக்கும் அயலவர் அல்லது உடன் வேலை செய்பவர் இருவரின் படம், அடையாள அட்டைப் பிரதி, தொலைபேசி இலக்கம் என்று கேளுங்கள். பரசிற்றமோல் கொடுத்த நேரம் கொப்பியில் எழுதப்பட வேண்டும். விடிய ஐந்து மணிக்கு வீட்டில் கொடுத்தது தெரியாமல் எட்டு மணிக்கு நிலையத்தில் திரும்பக் கொடுப்பது நடக்கிற பிழை. அளவு நிறைக்கு ஏற்ப: கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது ஆறு மணித்தியால இடைவெளி. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால், எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர். டெங்கு உள்ள ஊர் இது, 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை மறக்க முடியாது. அதனால் காய்ச்சலுக்கு ஐபுபுரூபன், டைக்ளோபெனக் போன்ற வேறு மருந்து எதுவும் வேண்டாம். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த நாளில் பெற்றோரில் ஒருவருக்கு லீவு மறுக்கப்படக் கூடாது. தடுப்பூசிக் கிளினிக் நாட்களுக்கும் அப்படியே. இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு மாதம் என்று நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அரை நாள் விடுவிப்பதில் வேலை ஒன்றும் நின்றுவிடாது.

கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. முழுச் செலவையும் பெற்றோரிடம் வாங்கினால் சிற்றூழியர்களின் பிள்ளைகள் வரமாட்டார்கள். எதுவுமே வாங்காவிட்டால் பராமரிப்பாளர் சம்பளம் இரண்டாம் மாதமே இழுபடும், நல்லவர்கள் விலகிவிடுவார்கள். கட்டடம், தண்ணீர், மின்சாரம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு, சம்பளத்தில் ஒரு பங்கு திணைக்கள நலன்புரிச் சங்கங்களுடையது, மிச்சம் பெற்றோரின் சம்பளப் படிக்கு ஏற்ற கட்டணம் என்று பிரிப்பதே நிலைக்கும் வழி என்று நினைக்கிறோம்.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, எந்த முன்பள்ளி, எந்தத் திகதியிலிருந்து என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை நாங்கள் சம்பளமின்றி ஏற்கத் தயார்.

இப்படிக்கு,
திருகோணமலையில் சிறுபிள்ளைப் பராமரிப்பிலும் தாய் சேய் நலப் பணியிலும் உள்ளோர்